ஏலமலையின் கதை (14): முன்னால் கடை, பின்னால் வீடு

சென்ற வாரம் வரை கண்டவற்றை ஒருமுறை நினைவில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தார் ஏலச் சாகுபடிக்குக் குத்தகை விட்ட மலைகளில், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிநாயக்கனூரிலிருந்தும் தமிழ்த் தொழிலாளர்கள் மலைப்பாதை ஏறி வந்து காடு திருத்தினார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்து உணவுப் பஞ்சம், சமவெளி விவசாயிகளை மலைக்கு ஏற்றிவிட்டது. 1950-களின் நடுவில் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசாங்கம் கல்லாறு முதலிய இடங்களில் குடியேற்றங்களை அமைத்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு தாலூகாக்கள் கேரளத்தோடு நின்றன. 1961-இல் அய்யப்பன்கோவிலிலிருந்து வெளியேற்றப்பட்டு அமராவதியில் கொண்டுவந்து விடப்பட்ட குடும்பங்களுக்காக ஏ. கே. கோபாலன் உண்ணாவிரதம் இருந்தார்.

ஜனங்கள் மலையில் வேரூன்றிவிட்டார்கள்; அவர்கள் கைவசம் நிலமும் இருந்தது; அந்த நிலம் அவர்களுடையது என்று சொல்லும் காகிதமான பட்டயம் மட்டும் பலரிடம் இல்லை. அந்தக் காகிதம் எப்படி வந்தது, வந்த பிறகு இடுக்கி மலையூரான சாந்தன்பாறையில் ஒரு வீடு கட்டுவதை அது எவ்வாறு நிர்ணயித்தது என்பதே இவ்வாரப் பகுதி.

★ ★ ★

இரண்டு சொற்களின் அதிகாரம்

மலையில் பூமிபதிவுச் சட்டம் என்று வழங்கும் கேரள அரசு நிலப்பதிவுச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது; அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் விதிகள் 1964-இல் பிறந்தன. நிலமற்ற குடும்பத்துக்கு நிலம் கொடுப்பது, கொடுத்த நிலம் தரகர் கைக்கும் தனவந்தர் கைக்கும் போகாமல் காப்பது என்ற இரண்டு உத்தேசங்களும் அவ்விதிகளை வகுத்தவர்கள் உள்ளத்தில் இருந்தன என்பதில் சந்தேகமில்லை. அவை போற்றத்தக்க உத்தேசங்களே.

ஆகவே, சர்க்கார் நிலம் எதற்காக வழங்கப்படலாம் என்பதை விதிகள் வரையறுத்துச் சொல்லின. சொந்த விவசாயம், வீட்டு மனை, பக்கத்திலுள்ள பதிவு நிலத்தின் அனுபோக சௌகரியம்: இவ்வளவே. வேறு காரியத்துக்கு நிலத்தைப் பயன்படுத்தினால் பட்டயத்தை ரத்துச் செய்து நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள சர்க்காருக்குப் பாத்யதை உண்டு என்ற ஷரத்தும் கூடவே வந்தது.

'விவசாயத்துக்கும் வீட்டுக்கும்' என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு மலைக்குடும்பத்தின் முழு ஜீவனமும் அடங்கிவிடும் என்று அன்று நம்பினார்கள். சமவெளியில் அந்த நம்பிக்கை அவ்வளவாகப் பொய்க்கவில்லை. ஏனெனில், சமவெளிக் குடியானவனுக்கு வயல் ஓரிடம், வீடு ஓரிடம், சந்தை மற்றோரிடம் என்று தலைமுறை தலைமுறையாக வகுத்து வைத்த ஊர் ஒன்று முன்பே இருந்தது.

சாந்தன்பாறையில் அப்படிப்பட்ட ஊர் எது? ஒரு பக்கம் தேயிலைத் தோட்டம், மறுபக்கம் ஏலக்காடு, அதற்கு அப்பால் சோலை. இடையில் கிடைத்த துண்டு நிலத்தில் மனிதர் வசித்தனர். கடல் சூழ்ந்த தீவில் வாழ்கிறவனைப்போலவே, காடும் கம்பெனித் தோட்டமும் சூழ்ந்த இத்துண்டு நிலத்தில் வாழ்கிறவனும், தன் வீட்டையும் தொழிலையும் கடையையும் இருக்கிற இடத்துக்குள்ளேயே நிறுத்திக்கொள்ள வேண்டியவனாகிறான்.

ஏலக்காயையே எடுத்துக்கொள்வோம். பறித்த பச்சைக்காயைத் தாமதமின்றி உலர்த்தியாக வேண்டும். இல்லாவிட்டால் பச்சை நிறம் மங்கி, ஏலத்தில் விலை சரியும். ஆகவே, தோட்டத்துக்கு அருகிலேயே உலர்த்தும் 'ஸ்டோர்' வேண்டும். குழாய்களில் அனல் ஓடும் மூடிய அறை அது. தனக்கென ஸ்டோர் இல்லாத சிறு விவசாயி, கூலி கொடுத்து அயலான் ஸ்டோரில் காயவைத்துக்கொள்வான். அந்த ஸ்டோர் விவசாயமா, தொழிற்சாலையா? சாலையோரத்தில் முன்னறையைப் பலசரக்குக் கடையாக்கிக்கொண்டு பின்னறையில் குடியிருக்கும் விதவைத் தாயின் கட்டடம் வீடா, வியாபார ஸ்தலமா?

1964-இல் இந்தக் கேள்விகளை எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அன்று தோன்றவில்லை.

★ ★ ★

ஒரே தெரு, இரண்டு பட்டயங்கள்

காலம் நகர்ந்தது. 1972 ஜனவரி 26-ஆம் தேதி இடுக்கி தனி மாவட்டமாயிற்று. 1980-இல் மத்திய அரசாங்கம் வனப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்ததும், வனநிலத்தை வேறு காரியத்துக்கு விடுவதாயின் தில்லியின் சம்மதம் வேண்டும் என்றாயிற்று. அந்தச் சம்மதத்தோடு, 1977 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன் வனநிலத்தில் குடியேறியவர்களுக்குப் பட்டயம் வழங்குவதற்கென்றே 1993-இல் தனி விதிகள் வந்தன.

1993-ஆம் ஆண்டு விதிகளை எழுதியவர்கள், இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் மலை மாறிவிட்டதைக் கண்ணால் கண்டவர்கள். ஆகையால், விவசாயத்தோடும் வீட்டோடும் சிறு கடைக்கும் அவ்விதிகளில் இடம் கொடுத்தார்கள்.

ஆனால் 1964-ஆம் ஆண்டு விதிகளை அவர்கள் தொடவில்லை. அதன் பலனாக நேர்ந்தது என்ன? ஒரே சாலையில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு இரண்டு கடைகள் இருக்கலாம்; ஒன்றின் பட்டயம் 1993-ஆம் ஆண்டு விதிப்படியும், மற்றதன் பட்டயம் 1964-ஆம் ஆண்டு விதிப்படியும் இருந்துவிட்டால், முன்னவர் சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரி, பின்னவர் ஷரத்தை மீறியவர். இருவர் விற்பதும் அதே அரிசி, அதே மண்ணெண்ணெய். வித்தியாசம் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதத்தின் வருஷத்தில் இருந்தது.

கொச்சி–தனுஷ்கோடிச் சாலை என்று ஜனங்கள் அழைக்கும் பெருவழி, மூணாறிலிருந்து இறங்கி, பூப்பாறை வழியாகப் போடிமெட்டுக்குச் சென்று தேனி ஜில்லாவில் நுழைகிறது. அந்தச் சாலையில் போக்குவரத்துப் பெருகப் பெருக, சாயாக்கடையும் மருந்துக்கடையும் தங்கும் விடுதியும் பட்டய நிலங்களில் எழுந்தன. ஊராட்சி மன்றங்கள் அனுமதி கொடுத்தன. மின்சார வாரியம் இணைப்புக் கொடுத்தது. கட்டட வரியும் வசூலாயிற்று. பட்டயத்தில் எழுதிய ஷரத்தை யாரும் எடுத்துப் படிக்கவில்லை.

இதே சாலையின் பெயரிலுள்ள தனுஷ்கோடியின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. விதிகள் பிறந்த அதே 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் புயல் அந்த ஊரை அழித்தது; வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது; ஆயினும், கடலை விட்டுப் போக வழியில்லாத மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் அங்கேயே வாழ்ந்து வந்தார்கள். தொழில் எங்கேயோ அங்கேதான் மனிதனின் வீடும் என்பதைச் சட்டம் மறக்கும்போது, ஜனங்கள் சட்டத்துக்கு வெளியே வாழத் தொடங்குகிறார்கள்.

★ ★ ★

எட்டுக் கிராமங்களின் பட்டியல்

பெரும் பணம் மலையேறியதும் நிலைமை மாறிற்று. 2002-இல் சாந்தன்பாறைக்கு அருகே மதிகெட்டான் சோலையில் நடந்த ஆக்கிரமிப்பு மாநிலத்தையே உலுக்கியது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி. எஸ். அச்சுதானந்தன் அங்கே நேரில் சென்றார். 2003-இல் அச்சோலை தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவரே முதலமைச்சரான பின், 2007-இல் மூணாறில் ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடிக்கும் படலம் நடந்தது.

ஆக்கிரமிப்பைத் தடுத்தது நியாயமான காரியம். சோலை அழிந்தால் பன்னியாறு வற்றும்; பன்னியாறு வற்றினால் ஆனையிறங்கல் நீர்த்தேக்கமும் வறளும், ஏலமும் வாடும். இந்த உண்மையை இந்நூற்றாண்டின் எந்த மலைவாசியும் மறுக்கமாட்டான். ஆயினும், பெரிய விடுதியைப் பிடிக்க வீசிய வலையில் சிறிய வீடு அகப்பட்டுக்கொண்ட கதையையும் வரலாறு எழுதியே ஆக வேண்டும்.

2010-இல், மூணாறுப் பிரதேசத்துக் கட்டடங்களைப் பற்றிய பொதுநல வழக்கில், வருவாய்த் துறையின் ஆட்சேபணையின்மைச் சான்று இல்லாமல் கட்டடம் எழுப்பலாகாது என்ற நிலையைக் கேரள உயர் நீதிமன்றம் ஏற்படுத்தியது. அதைப் பின்பற்றி மாவட்ட நிர்வாகம் 2016-இல் எட்டுக் கிராமங்களைப் பெயர் சொல்லிக் குறித்தது: கண்ணன் தேவன் ஹில்ஸ், பள்ளிவாசல், சின்னக்கானல், சாந்தன்பாறை, வெள்ளத்தூவல், ஆனவிரட்டி, ஆனவிலாசம், பைசன்வாலி.

அந்தப் பட்டியலில் நான்காவதாக நாம் எழுதிய பெயர், சுற்றுலாப் பேரலை இன்னும் முழுதாக ஏறாத, ஏலமும் தேயிலையுமே ஜீவனமாகக் கொண்ட ஓர் ஊரின் பெயர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

வீடு கட்ட விரும்பும் சாந்தன்பாறைக் குடும்பத்தின் காரியம் அதன்பின் எப்படி நடந்தது என்று பார்ப்போம். பட்டயத்தின் நகல், நிலவரி கட்டிய ரசீது, கைவசச் சான்று, கட்டட வரைபடம் ஆகியவற்றோடு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால் முன்பு காரியம் முடியும். இப்போதோ, வில்லேஜ் ஆபீசில் தொடங்கித் தாலூகா, கோட்டம் என்று ஒவ்வொரு படியாக ஏறி அந்த ஆட்சேபணையின்மைச் சான்றை வாங்கி வர வேண்டும். மலையில் மழை ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரையில் அஸ்திவாரம் தோண்ட முடியாது; ஒரு கையெழுத்து இரண்டு மாதம் தாமதித்தால் ஒரு வருஷம் போயிற்று என்பதே அங்கே கணக்கு.

★ ★ ★

2019 ஆகஸ்ட் 22

இவ்வாரக் கதையின் திருப்புமுனை இந்தத் தேதி.

அன்று கேரள வருவாய்த் துறை பிறப்பித்த உத்தரவு, இடுக்கி மாவட்டத்துப் பட்டய நிலங்களில் ஷரத்தை மீறி எழுந்த கட்டடங்களுக்கு ஒரு முடிவு காண முற்பட்டது. 15 சென்ட் வரையிலான நிலத்தில் 1,500 சதுர அடிக்குள் அடங்கிய கட்டடமாக இருந்து, உரிமையாளருக்கு அதைத் தவிர வேறு ஜீவனோபாயம் இல்லையானால் முறைப்படுத்தலாம். மற்றவற்றைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இனிமேல் கட்டட அனுமதி கொடுக்கும் முன், நிலம் எக்காரியத்துக்காகப் பதியப்பட்டது என்று கிராம அதிகாரி சான்று தர வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருந்தது.

உத்தரவின் முதற்பகுதியில் கருணை இருந்தது. ஏழையின் சிறு கடையை அது காப்பாற்ற எண்ணியது. இரண்டாம் பகுதியிலோ, 1964-ஆம் ஆண்டின் அந்த இரண்டு சொற்கள் அரை நூற்றாண்டு உறக்கத்திலிருந்து எழுந்து வந்து ஒவ்வொரு விண்ணப்பத்தின் மேலும் உட்கார்ந்துகொண்டன.

மாவட்டமெங்கும் கிளர்ச்சி மூண்டது, ஹர்த்தால்கள் நடந்தன. சட்டம் மாநிலம் முழுமைக்கும் ஒன்றாயிருக்க, தடை மட்டும் இடுக்கிக்கு ஏன் என்று ஜனங்கள் கேட்டார்கள். 2020-இல் அதே கேள்வியை உயர் நீதிமன்றமும் எழுப்பியது. பெரிய கட்சியாயினும் தடை தடையே என்பதும் விளங்கிற்று: 2023 ஆகஸ்டில், சாந்தன்பாறை, உடும்பன்சோலை, பைசன்வாலி ஆகிய இடங்களில் அப்போது ஆளுங்கட்சியாயிருந்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி எழுப்பிவந்த அலுவலகக் கட்டடங்களை நிறுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

அடுத்த மாதமே சட்டத் திருத்தம் ஒரு படி நகர்ந்தது. 2023 செப்டம்பர் 14-ஆம் தேதி, பதிவுநிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியதை முறைப்படுத்த அரசாங்கத்துக்கு அதிகாரமளிக்கும் திருத்த மசோதாவைச் சட்டசபை ஒருமனதாக நிறைவேற்றியது. ஆளுநர் ஆரிப் முகமது கான் கையெழுத்திடாமல் வைத்திருந்தார். 2024 ஜனவரியில் அவர் தொடுபுழைக்கு வந்த நாளன்று இடுக்கியில் ஹர்த்தால் நடந்தது. ஏப்ரல் 27-ஆம் தேதி அவர் ஒப்புதல் தந்தார். விதிகளுக்கு மந்திரிசபை சம்மதம் கொடுக்க 2025 ஆகஸ்ட் ஆயிற்று. குடியிருப்பு வீடுகளைக் கட்டணமின்றி முறைப்படுத்துவது என்ற முடிவு, மலைவாசிகளுக்கு உண்மையான ஆறுதல்.

★ ★ ★

கணக்கில் வராத கூரைகள்

ஆயினும், இந்த ஆறுதல் பட்டயம் உள்ளவனைத்தான் போய்ச் சேரும். பட்டயமே இல்லாதவன் கதை வேறு.

சாந்தன்பாறையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கும் லயங்களைப் பாருங்கள்: ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாக அமைந்த வீடுகள், ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் குறுகிய திண்ணை. 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, வீடு கொடுக்கும் பொறுப்பை முதலாளியின் மேல் வைத்தது. அது அக்காலத்துக்குப் பெரிய சீர்திருத்தமே. ஆனால் வேலை உள்ளவரையில்தான் அந்த வீடு. ஓய்வு பெற்றதும் வீட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் பணிக்கொடை கைக்கு வரும் என்ற வழக்கம் தோட்டங்களில் ஊறிப்போனது. ஆகவே, தாய் ஓய்வு பெறும்போது மகனோ மருமகளோ கொழுந்துக்கூடையைத் தோளில் மாட்டினால்தான் அந்தக் குடும்பத்துக்குக் கூரை உண்டு.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் மாண்டார்கள். உயிர் தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு வாலியில் நிலமும் வீடும் கிடைத்தன. தலைமுறைகளாக மலையைத் திருத்தியவர்கள் சொந்த மனையில் குடியேற, ஒரு மலைச்சரிவு நேர வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் பதைக்கிறது.

1951-ஆம் ஆண்டுச் சட்டமும் இன்று இல்லை. 2025 நவம்பர் 21-ஆம் தேதி புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தபோது, அது அவற்றுள் கரைந்தது. வீடு கொடுக்கும் கடமை புதிய சட்டத்திலும் நிற்கிறது. ஓய்வு பெற்றவனின் கூரை எங்கே என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது. தோட்டமே இல்லாத கூலிக்காரர்களோ, தேனி ஜில்லாவிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலக்காட்டுக்கு வந்து, மாலையில் மலையிறங்குகிறார்கள்; எந்த வீட்டுச் சட்டத்திலும் அவர்கள் பெயர் இல்லை.

★ ★ ★

முன்கூட்டிப் பார்க்கும் கடமை

காடு சூழ்ந்த துண்டு நிலத்தைத் தீவோடு முன்பே ஒப்பிட்டோம்; உண்மையான தீவுகளுக்கென ஸ்காட்லாந்து தேசத்தார் 2018-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். ஒரு புதிய சட்டமோ கொள்கையோ தீவு வாசிகளை மற்றவர்களினும் பெரிதும் வேறுவிதமாகப் பாதிக்கக்கூடுமானால், அந்தப் பாதிப்பை ஆராய்ந்து அறிக்கை எழுதிய பின்பே அதிகாரிகள் மேலே செல்ல வேண்டும் என்று அதில் கடமை வகுத்தார்கள். வீட்டுச் சட்டம் திருந்தினால், எடின்பரோவில் அது என்ன செய்யும் என்பதோடு நில்லாமல், கப்பல் வராத நாளில் செங்கல்லும் கிடைக்காத ஒரு தீவில் என்ன செய்யும் என்பதையும் கேட்டாக வேண்டும்.

நம்மிடமும் அந்த அக்கறை இல்லாமலில்லை. 2021-இல் லட்சத்தீவில் நிலத்தையும் குடியிருப்பையும் ஓர் அபிவிருத்தி அதிகார சபையின் கையில் ஒப்படைக்கும் வரைவு வெளியானபோது, தீவு மக்களின் நிலவுரிமைக்காகவும் வாழ்க்கை முறைக்காகவும் மே 31-ஆம் தேதி கேரள சட்டசபை ஏகமனதாகத் தீர்மானம் செய்தது. கடல் சூழ்ந்தவர்களிடம் காட்டிய அந்தக் கரிசனம், காடு சூழ்ந்தவர்களுக்கும் உரியது.

1964, 1993, 2010, 2016, 2019, 2023: இந்த ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் தடையோ விதியோ முதலில் வந்தது, ஜனங்களின் அவஸ்தை பின்னால் தெரிந்தது, பரிகாரம் அதற்கும் பின்னால் நொண்டி வந்தது. சோலையைக் காக்கும் சட்டத்துக்கும் சாயாக்கடைக்காரியின் பின்னறைக்கும் இடையே விரோதம் இயற்கையில் இல்லை. எழுதுமுன் ஒருமுறை மலையேறி வந்து பார்த்திருந்தால் இரண்டுக்கும் இடம் வைத்தே எழுதியிருக்கலாம் என்பது இந்த வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் என்று உறுதியாக நம்புகிறேன்.

★ ★ ★

ஒரு 2-இன் வழக்கு

இனி வீடுகள் நிம்மதியாக நிற்கும் என்று சாந்தன்பாறை நம்பத் தொடங்கிய வேளையில், 2024 அக்டோபர் 24-ஆம் தேதி தில்லி உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது: ஏலமலைக் காப்புக்காட்டில் புதிய பட்டயம் வழங்கலாகாது, நிலத்தை வியாபாரக் காரியங்களுக்கு மாற்றலாகாது.

திருத்தச் சட்டம் பட்டயத்தின் ஷரத்தைத்தான் திருத்த முடியும். நிலமே வனம் என்றாகிவிட்டால் அந்தத் திருத்தம் எதன்மேல் நிற்கும்? அதைத் தீர்மானிக்கும் சாசனம், 1897 ஆகஸ்ட் 24-ஆம் தேதி திருவிதாங்கூர் அரசாங்கம் வெளியிட்ட ஓர் அறிவிக்கை. அதன்படி காப்புக்காடு 15,720 ஏக்கர் என்கிறது கேரள அரசாங்கம். 2,15,720 ஏக்கர் என்கிறார்கள் வழக்குத் தொடுத்தவர்கள்.

இரண்டு லட்சம் ஏக்கரும், அதன் மேலுள்ள ஊர்களும், ஸ்டோர்களும், வீடுகளும் ஓர் எண்ணுக்கு முன்னால் ஒரு 2 இருக்கிறதா, இல்லையா என்பதில் அடங்கியிருக்கின்றன. அந்த 2-ஐ எழுதியது யார்? அல்லது விட்டுவிட்டது யார்?

(அடுத்த வாரம் தொடரும்)